ஃபிடேலாவின் துணைப்பாடம்

ஃபிடேலா ஆங்கிலத்தை முதன்மைப் பாடமாகவும் அரசியல் அறிவியலைத் துணைப்பாடமாகவும் எடுத்தபோது, விடுதி அறையில் அவளோடு இருந்த மூன்று பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆசிரியர் பட்டப்படிப்புக்கு வந்தவர்கள் துணைப்பாடமாக மனையியலை எடுப்பார்கள், இல்லாவிட்டால் உடற்கல்வி. ஒன்றில் கேக் செய்யக் கற்றுக்கொள்ளலாம், மற்றதில் நடனம். "இங்கிலீஷு வயித்துக்கு. அரசியல் எதுக்குடி, சண்டை போடவா?" என்று கேட்டாள் பக்கத்துக் கட்டில்காரி.

ஃபிடேலா ஒரு கணக்கோடுதான் எடுத்திருந்தாள். சட்டக் கல்லூரியில் சேர வேண்டுமானால் சமூக அறிவியலில் பதினெட்டு யூனிட் முடித்திருக்க வேண்டும். இந்தத் துணைப்பாடம் அந்தப் பதினெட்டையும் கொடுத்துவிடும். நான்கு வருஷத்தில் டீச்சர் பட்டம் கையில், அதற்குப் பிறகு பகலில் வேலை, மாலையில் சட்டம். இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை, அப்பாவைத் தவிர. அப்பா செவெரினோ கேட்டுவிட்டு, "வக்கீலா? நம்ம தெருவுலயா?" என்று மட்டும் சொன்னார். ஆனால் அன்றைக்குச் சந்தையில் இரண்டு கிலோ பெரிய இறால் வாங்கி வந்தார்.

கல்லூரி இருந்த இலோயிலோ நகரத்திலிருந்து ஜீப்னி என்ற மினி பஸ்ஸில் இரண்டரை மணி நேரம் தெற்கே போனால் அவர்களுடைய ஊர். ஊரின் ஒவ்வொரு பகுதியையும் பரங்காய் என்பார்கள்; கடலை ஒட்டிய பரங்காயில் வீடு. செவெரினோ ஊராட்சிக் குடிநீர்ப் பம்பை ஓட்டினார். இருபத்திரண்டு வருஷமாக அதே வேலை. அம்மா ஹாங்காங்கில் ஒரு சீனக் குடும்பத்தில் சமையல்காரி. ஃபிடேலாவின் கல்லூரிக் கட்டணம் அங்கிருந்துதான் வந்தது. அம்மாவின் கடிதங்களில் எப்போதும் ஒரே கேள்வி இருக்கும்: அப்பா குடிக்கிறாரா? ஃபிடேலா எப்போதும் ஒரே பதில் எழுதுவாள்: சாயங்காலம் படகுக்கார நெமேசியோ மாமாவோடு ஒரு குவளை கள்ளு, அதற்கு மேல் இல்லை. அது உண்மையும்கூட.

எவாரிஸ்டோ சார் நடத்திய அரசியல் அறிவியல் வகுப்பில் அவள் ஒருத்திதான் டீச்சர் படிப்புக்காரி. மற்றவர்கள் எல்லாம் அதையே முதன்மையாக எடுத்தவர்கள். பெரும்பாலும் வக்கீல் வீட்டுப் பிள்ளைகள், ஒருவன் சட்டமன்ற உறுப்பினரின் மருமகன். அவளைத் துணைப்பாடம் என்றே கூப்பிட்டார்கள். "ஏய் துணைப்பாடம், அந்த நோட்ஸைக் குடு." அவள் கொடுத்தாள். அவளுடைய குறிப்புகள்தான் வகுப்பிலேயே சுத்தமானவை.

எவாரிஸ்டோ சாருக்கு அப்போது நாற்பது வயதிருக்கும். வெள்ளைச் சட்டையை மடிப்புக் கலையாமல் போடுவார். சர்வாதிகாரக் காலத்தில் இரண்டு மாதம் சிறையில் இருந்தவர் என்று மாணவர்கள் பேசிக்கொள்வார்கள், அவர் மறுக்கவும் மாட்டார், ஒப்புக்கொள்ளவும் மாட்டார். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கேள்வி கேட்பது அவர் பழக்கம். அரசியல் கட்டுரை என்றால் மற்றவர்கள் வாஷிங்டனைப் பற்றியும் மணிலாவைப் பற்றியும் எழுதிக் கொண்டு வருவார்கள். கடைசி வருஷம் அவர் எல்லோருக்கும் ஒரே கேள்வியைக் கொடுத்தார். உங்கள் ஊரில் ஒருவர் ஏன் இன்னாருக்கு ஓட்டுப் போடுகிறார்? போய்க் கேட்டு எழுதிக் கொண்டு வாருங்கள்.

அது 1988. ஜனவரியில் உள்ளாட்சித் தேர்தல் நடந்து முடிந்திருந்தது. சர்வாதிகாரி போன பிறகு நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தல். ஃபிடேலாவின் ஊரில் மேயர் தெரானா மறுபடி ஜெயித்தார், ஆனால் வெறும் இருநூற்றுச் சொச்சம் ஓட்டில். எதிர்த்து நின்றவர் ஊர் மருந்துக்கடைக்கார அம்மாள். கடலோரப் பரங்காயில் மட்டும் மேயருக்கு எதிர்பார்த்ததில் பாதிகூட விழவில்லை. அவர் வாரி வாரிக் கொடுத்த இடம் அது. யார் சோற்றைத் தின்றுவிட்டு மாற்றிக் குத்தினார்கள் என்று மேயரின் ஆட்கள் டீக்கடை டீக்கடையாகத் துருவிக்கொண்டிருந்தார்கள். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை.

ஃபிடேலா பிப்ரவரியில் நான்கு வாரமும் சனி, ஞாயிறு ஊருக்கு வந்தாள். நாற்பது வீடுகளைத் தேர்ந்தெடுத்தாள். ஒரு நீல அட்டை நோட்டில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பக்கம். மேலே எண், பெயர், கீழே அவர்கள் சொன்னது. கட்டுரையில் எண் மட்டும்தான் வரும், பெயர் வராது என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னாள். அவர்கள் அதைக் காதில்கூடப் போட்டுக்கொள்ளவில்லை. செவெரினோவின் மகள், இடுப்பில் தூக்கி வைத்திருந்த குழந்தை, இன்றைக்குப் படித்துவிட்டுப் பேனாவோடு வந்து உட்கார்ந்திருக்கிறாள். அவளிடம் எதை மறைப்பது?

இருபத்தாறாவது வீடு பஸீலியா அத்தையுடையது. ஊராட்சிச் சந்தையில் கருவாட்டுக் கடை வைத்திருந்த விதவை. புருஷன் போன வருஷம் இறந்தபோது சவப்பெட்டி மேயர் கொடுத்தது. தேர்தலுக்கு முன்னால் அரிசியும் வந்தது. எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு மருந்துக்கடை அம்மாவுக்குக் குத்தியதாகச் சொன்னாள்.

"ஏன் அத்தே?"

பஸீலியா மீனை அறுத்தபடியே சொன்னாள். "பெட்டி மேல ரிப்பன் கட்டி அனுப்புனான் பாரு, அதுல அவன் பேரு இம்மாம் பெருசு. எம் புருஷன் பேரு கீழ, எறும்பு மாதிரி. செத்தது யாருடின்னு வந்தவ எல்லாம் கேக்கறா. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்."

ஃபிடேலா அதை அப்படியே எழுதிக்கொண்டாள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் தன் நோட்டில் வந்து விழுகிறது என்று தோன்றியது.

பதினேழாவது வீடு அவளுடையதே. வேடிக்கைக்காகத்தான் அப்பாவையும் சேர்த்திருந்தாள். மேயர் அப்பாவின் கல்யாணத்தில் சாட்சியாக, ஞானத்தகப்பனாக நின்றவர், வேலையும் அவர் போட்டுக் கொடுத்தது. பதில் என்னவென்று கேட்காமலே தெரியும் என்று நினைத்திருந்தாள். செவெரினோ பம்பு அறைச் சாவியை எடுத்து மேசையில் வைத்தார்.

பிறகு சொன்னார். தினமும் விடிகாலை அவர் திறக்கும் முதல் குழாய் மேயர் மனைவியின் ஐஸ் தொழிற்சாலைக்குப் போவது. அது நிரம்பிய பிறகுதான் ஊருக்குத் தண்ணீர். கோடையில் கடலோரத்துக்கு வருவதற்குள் குழாயில் காற்றுதான் வரும். பெண்கள் குடத்தை வைத்துக்கொண்டு அவரைத் திட்டுவார்கள். இருபத்திரண்டு வருஷமாக அந்தத் திட்டை அவர் வாங்கிக்கொண்டிருந்தார். "ஓட்டுச் சாவடிக்குள்ள போனேன். அங்க யாரும் இல்ல. ஒரு தடவையாவது எனக்குப் புடிச்ச குழாயைத் திருப்பலாம்னு தோணுச்சு. உங்கம்மாவுக்கு எழுதிடாதே."

நாற்பதில் பதின்மூன்று பேர் மேயருக்கு எதிராகக் குத்தியவர்கள். அந்தப் பதின்மூன்று பேரின் காரணங்கள்தான் கட்டுரையின் உயிர். ஃபிடேலா அதை இரவல் டைப்ரைட்டரில் முப்பத்தாறு பக்கம் அடித்துக் கொடுத்தாள். மூன்று நாள் கழித்து எவாரிஸ்டோ சார் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். முதல்முறையாக அவளை உட்காரச் சொன்னார். பன்னிரண்டு வருஷமாகப் பாடம் நடத்துகிறேன், இப்படி ஒன்றைப் பார்த்ததில்லை என்றார். இதை நான் ஒரு பருவ இதழுக்கு அனுப்பலாம், உன் பெயரும் வரும் என்றார். பிறகு கடைசியாக, சரிபார்ப்பதற்கு அந்த நோட்டு வேண்டும் என்றார்.

அவள் தயங்கினாள். பெயரைச் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருப்பதாகச் சொன்னாள்.

"நல்லதுதான், அப்படித்தான் இருக்கணும்," என்றார் அவர். "ஆனா ஹாஸ்டல் ரூம்ல உக்காந்து நீயே கற்பனை பண்ணி எழுதலேன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்? நோட்டு இல்லாம நான் மார்க்குப் போட முடியாது. பேப்பர் முடியலேன்னுதான் போடணும். அப்புறம் உன் இஷ்டம்."

முடியவில்லை என்று போட்டால் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். சட்டக் கல்லூரி விண்ணப்பமும் போய்விடும். ஆனால் பிற்காலத்தில் ஃபிடேலா தனக்குத் தானே பொய் சொல்லிக்கொள்ளாத இடம் ஒன்று உண்டென்றால் அது இதுதான். அவள் அந்த நோட்டைக் கொடுத்தது பயத்தினால் மட்டும் அல்ல. பெயர்களைக் கத்தரித்துவிட்டுக் கொடுத்திருக்கலாம், ஒரு மணி நேர வேலை. அந்த யோசனை வரவும் வந்தது. ஆனால் அவர் அவளை உட்காரச் சொல்லியிருந்தார், பருவ இதழ் என்று சொல்லியிருந்தார். கத்தரித்த நோட்டைக் கொண்டுபோய் நீட்டினால் தன்னைச் சின்னப் பெண் என்று நினைத்துவிடுவாரோ என்று கூசியது. மறுநாள் காலை நீல நோட்டை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்தப் பாடத்தில் அவளுக்கு ஒன்று கிடைத்தது. அங்கே மதிப்பெண்ணில் ஒன்றுதான் உச்சம். வக்கீல் வீட்டுப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் அது கிடைக்கவில்லை. துணைப்பாடம் என்று அவளை அதற்குப் பிறகு யாரும் கூப்பிடவில்லை.

ஏப்ரலில் பட்டம் வாங்கிக்கொண்டு ஊருக்கு வந்தாள். வந்த வாரமே பஸீலியாவின் கடையில் ஊராட்சிப் பூட்டுத் தொங்கியது. சுகாதார விதியை மீறிவிட்டாளாம். இருபது வருஷமாகக் கருவாடு விற்கும் இடத்தில் கருவாடு நாறுகிறது என்று கண்டுபிடித்திருந்தார்கள். அடுத்த வாரம் நெமேசியோவின் படகு உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தார்கள். பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பூரா என்பவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒருவனின் டிரைசைக்கிள் பர்மிட் போயிற்று. இன்னொரு வீட்டில் பையனுக்கு வந்துகொண்டிருந்த உதவித்தொகை நின்றது. ஏதோ கெட்ட காலம் என்று முதலில் பேசிக்கொண்டார்கள். ஃபிடேலாவுக்கும் அப்படி நினைத்துக்கொள்ளத்தான் ஆசை. ஆனால் படுத்தால் எண்கள் வந்தன. இருபத்தாறு. ஒன்பது. முப்பத்தொன்று. நான்கு.

மே மாதம் ஊர்த் திருவிழா. மேயர் வீட்டில் அன்றைக்கு யார் வேண்டுமானாலும் சாப்பிடலாம். செவெரினோ வழக்கம்போல மகளை அழைத்துக்கொண்டு போனார். முற்றத்தில் நீள மேசை, நடுவில் முழுசாகச் சுட்ட பன்றி, தோல் முறுமுறுவென்று மின்னியது. மேயருக்கு வலது பக்கத்தில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு எவாரிஸ்டோ சார் உட்கார்ந்திருந்தார்.

அவளைப் பார்த்ததும் அவர் எழுந்தே வந்தார், முகமெல்லாம் சிரிப்பு. மேயரிடம் அழைத்துக்கொண்டு போனார். தான் இப்போது மாகாணத்தில் சில பேருக்குத் தேர்தல் ஆலோசகராக இருப்பதாகச் சொன்னார், அதில் ஒளிக்க ஒன்றும் இல்லாததுபோல. மேயர் தெரானா வாயில் இருந்ததை மென்று விழுங்கிவிட்டு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கை எண்ணெயாக இருந்தது.

"நம்ம செவெரினோ பொண்ணா? இவ்வளவு மூளையை எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்தே," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்: "அப்பாவைப் பத்திக் கவலைப்படாதே. பதினேழாம் பக்கத்தை நான் படிக்கவே இல்ல."

செவெரினோ பக்கத்தில்தான் நின்றிருந்தார், கையில் தட்டோடு. அவருக்கு அது கேட்டது.

திரும்பி வரும்போது அவர் நாலடி முன்னால் நடந்தார். பம்பு அறை பக்கத்தில் வந்ததும் நின்றார். நோட்டை யாரிடம் கொடுத்தாய் என்று கேட்டார். சாரிடம் என்றாள். பெயரோடவா என்று கேட்டார். ஆமாம் என்றாள். அவர் பூட்டைத் திறந்து உள்ளே போய், அந்த நேரத்தில் செய்ய வேண்டிய வேலை ஒன்றும் இல்லாதபோதும், எந்திரத்துக்கு எண்ணெய் போட ஆரம்பித்தார். அவள் வெளியில் சிறிது நேரம் நின்றுவிட்டு வீட்டுக்குப் போனாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து, ஏழெட்டுப் பேர் வீட்டுக்கு வந்தார்கள். முன்னால் நெமேசியோ, அவனுக்குப் பின்னால் பஸீலியா. யாரும் உட்காரவில்லை. ஃபிடேலா அடுப்படியில் இருந்தாள். நடுவில் ஒரு மூங்கில் தட்டி மட்டும்தான்.

நெமேசியோ சத்தம் போடாமல்தான் பேசினான். "செவெரினோ, பன்னெண்டு வீட்டுல அடி விழுந்திருக்கு. பன்னெண்டும் உம் பொண்ணு வந்து எழுதிட்டுப் போன வீடு. பன்னெண்டும் மாத்திக் குத்துன வீடு. நீயும் மாத்திக் குத்துனேன்னு எங்கிட்டச் சொல்லியிருக்கே, கள்ளு குடிக்கறப்ப. உம் பம்பு மட்டும் எப்படிய்யா ஓடுது?"

செவெரினோவின் பதில் வருவதற்கு இரண்டு மூச்சு நேரம்கூட ஆகவில்லை. முன்பே யோசித்து வைத்திருந்தார் என்று ஃபிடேலாவுக்குப் பின்னால் தோன்றியது.

"நான்தான்," என்றார். "புள்ள நோட்டை மேசை மேல வெச்சிட்டுத் தூங்கிடுச்சு. எடுத்துப் படிச்சேன். சேவக்கட்டுல குடிச்சிட்டு மேயரு ஆளுங்ககிட்டச் சொல்லிட்டேன். என்னை விட்டுடுங்கன்னு கேட்டுக்கிட்டேன்."

பஸீலியா தட்டியைத் தாண்டி அடுப்படிக்குள் வந்தாள். ஃபிடேலாவின் முகத்தை நேராகப் பார்த்தாள். "பாப்பா, இது உனக்குத் தெரியுமா?"

வெளியிலிருந்து செவெரினோ சொன்னார், "அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

பஸீலியா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிடேலா தலையை ஆட்டினாள், தெரியாது என்று. அவ்வளவுதான் அவள் செய்தது. அடுப்பில் சோறு அடிப்பிடிக்கும் வாசனை வந்தது, அவள் திரும்பி அதை இறக்கி வைத்தாள்.

நெமேசியோ போகும்போது வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவள் ஏன் என்று கேட்டாள். அப்பா கோபப்படுவார், அடிப்பார் என்றுகூட எதிர்பார்த்தாள். அவர் களைத்துப்போனவராகத்தான் இருந்தார். "என்னை வெறுத்தா வெறுத்துட்டுப் போறாங்க. நான் பம்பு ரூமுக்குள்ள உக்காந்துக்குவேன். உன்னை வெறுத்தா நீ எங்க போவே? அம்மா அங்க சட்டி கழுவறது எதுக்கு?" அதற்குப் பிறகு அந்தப் பேச்சை அவர்கள் இரண்டு பேரும் எடுத்ததே இல்லை.

சட்டக் கல்லூரி விண்ணப்பத்தில் துணைப்பாடப் பேராசிரியரின் சிபாரிசுக் கடிதம் ஒன்று கேட்டிருந்தார்கள். ஃபிடேலா விண்ணப்பத்தை நிரப்பினாள், அந்த இடத்துக்கு வந்ததும் மூடி வைத்தாள். அடுத்த வருஷம் என்று அப்பாவிடம் சொன்னாள். அதற்கடுத்த வருஷமும் அதையே சொன்னாள். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார்.

இதற்கிடையில் ஊர் உயர்நிலைப் பள்ளியில் வேலை காலி என்றார்கள். மற்றவர்கள் மூன்று நான்கு வருஷம் காத்திருக்கும் வேலை, அவளுக்கு ஆறு வாரத்தில் உத்தரவு வந்துவிட்டது. மேயரின் கடிதம் கோப்பில் இருந்தது. அவள் கேட்காத கடிதம். திருப்பிக் கொடுக்கலாம் என்று யோசித்தாள், பிறகு அதையும் வாங்கிக்கொண்டாள்.

ஆங்கிலத்துக்கு அங்கே ஏற்கெனவே ஆள் இருந்தது. துணைப்பாடம் அரசியல் அறிவியல் என்று சான்றிதழில் இருந்ததால் தலைமையாசிரியை அவளைக் குடிமைப் பாடத்துக்குப் போட்டார். ஆக, முதன்மையாகப் படித்தது மூலையில் கிடக்க, பக்கத்தில் படித்ததைத்தான் ஃபிடேலா முப்பத்திரண்டு வருஷம் நடத்தினாள். அரசியல் சட்டம், அதிகாரப் பிரிவினை, ரகசிய வாக்கு. ஒவ்வொரு ஜூலையிலும் ரகசிய வாக்குப் பாடம் வரும். ஒருமுறை மீன்காரர் மகள் ஒருத்தி எழுந்து, மிஸ், நிஜமாவே யாருக்கும் தெரியாதா என்று கேட்டாள். "நீங்களா வாயத் திறக்காத வரைக்கும் தெரியாது," என்றாள் ஃபிடேலா. பிள்ளைகள் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஆசிரியர்கள்தான் தேர்தல் அன்று சாவடியில் உட்கார வேண்டும். அவளுக்குக் கடலோரப் பரங்காயின் சாவடியைத்தான் போடுவார்கள், ஆட்களை அடையாளம் தெரியும் என்று. அந்தப் பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் வரிசையில் வந்து அவள் முன்னால் விரலை நீட்டுவார்கள். அவள் மை வைப்பாள். 1992-லும் மேயர் தெரானா ஜெயித்தார். கடலோரத்தில் மட்டும் பத்துக்கு ஒன்பது ஓட்டு அவருக்கு. யாருக்கும் யாரையும் கேட்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

செவெரினோ தனக்கு மிச்சமிருந்த ஒன்பது வருஷத்தை எப்படிக் கழித்தார் என்பதைப் பார்த்தவள் அவள் ஒருத்திதான். கள்ளுக் கடையில் அவர் போய் உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். கொஞ்ச நாள் போனார், பிறகு கள்ளை வீட்டுக்கு வாங்கி வந்தார், பிறகு குடிப்பதையே விட்டுவிட்டார். அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் ஃபிடேலா அதைப் பெருமையாக எழுதினாள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது விடிகாலைப் பூசைக்கும் அவர் தவறாமல் போவார். அவர் உட்காரும் வரிசையில் வேறு யாரும் உட்கார மாட்டார்கள். பம்பு அறைச் சுவரில் யாரோ கரியால் யூதாஸ் என்று எழுதியிருந்தார்கள். அவர் சுண்ணாம்பு அடித்தார், மறுபடி எழுதினார்கள், அப்படியே விட்டுவிட்டார். ஒரு கோடையில் துணிந்து கடலோரக் குழாயை முதலில் திறந்துவிட்டார். அதற்காக எச்சரிக்கைக் கடிதமும் வாங்கினார். தண்ணீர் பிடித்துக்கொண்ட பெண்கள் அதை அவருடைய குற்ற உணர்ச்சியின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள்.

ஃபிடேலா சொல்லியிருக்கலாம். எந்த நாளில் வேண்டுமானாலும். பஸீலியாவின் வீடு நூறு அடி தூரம்தான். சொன்னால் அப்பா செய்தது வீணாகிவிடுமே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். அந்தச் சமாதானம் நன்றாக உழைத்தது, ஒன்பது வருஷம் வரைக்கும் தாங்கியது.

1997 ஆகஸ்டில் செவெரினோ பம்பு அறையிலேயே விழுந்து இறந்தார். அம்மா ஹாங்காங்கிலிருந்து பதினோரு நாள் விடுப்பில் வந்தாள். உடலை ஐந்து நாள் வீட்டில் வைத்திருந்தார்கள். இரவு கண்விழிக்க வருகிறவர்களுக்காக நாற்காலியும் சீட்டுக்கட்டும் பிஸ்கட்டும் வாடகைக்கும் கடனுக்கும் வாங்கிப் போட்டிருந்தார்கள். நாற்காலிகள் அடுக்கியபடியே இருந்தன. பள்ளியிலிருந்து நான்கு ஆசிரியைகள் வந்தார்கள், தூரத்துச் சொந்தம் சிலர் வந்தார்கள். கடலோரத்திலிருந்து ஒரு குஞ்சுகூட வரவில்லை. மூன்றாம் நாள் மேயர் தெரானா வந்து இருபது நிமிஷம் உட்கார்ந்து, விசுவாசமான ஆள் என்று சொல்லிவிட்டுப் போனார். தெருவே ஜன்னல் வழியாக அதைப் பார்த்தது.

"முப்பது வருஷம் தண்ணி குடுத்த மனுஷன்டி," என்றாள் அம்மா. "ஏன்டி யாரும் வரல?"

"மழைம்மா," என்றாள் ஃபிடேலா.

அம்மா திரும்பிப் போன மறுநாள் அவள் பஸீலியாவின் வீட்டுக்குப் போனாள். பஸீலியாவுக்குச் சந்தையில் கடை திரும்பக் கிடைக்கவே இல்லை. தலையில் கூடையைச் சுமந்து தெருத்தெருவாக விற்று முழங்கால் இரண்டும் போயிருந்தது. வாசலில் பலகை போட்டு மீன் அறுத்துக்கொண்டிருந்தாள். ஃபிடேலா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். நோட்டு, எவாரிஸ்டோ சார், திருவிழாச் சாப்பாடு, அடுப்படியில் தான் தலையை ஆட்டியது. சாட்சிக்குக் கட்டுரையின் நகலையும் கொண்டுபோயிருந்தாள், மேலே சிவப்பு மையில் ஒன்று என்று போட்ட நகலை.

பஸீலியா கையைத் துடைத்துக்கொண்டு அதை வாங்கிப் புரட்டினாள். "இதுல எம் பேரு எங்க இருக்கு?"

"பேரு இல்ல அத்தே. நம்பரு. நீங்க இருபத்தாறு."

"அப்ப மேயருக்கு எப்படித் தெரியும்?"

"அதான் சொன்னேனே, நோட்டுல இருந்துச்சு."

"நோட்டு எங்க?"

நோட்டு எங்கே என்று ஃபிடேலாவுக்குத் தெரியாது. எவாரிஸ்டோ சார் அதற்குள் மணிலாவுக்குப் போய்ப் பெரிய ஆளாகியிருந்தார். இரண்டு கடிதம் எழுதியும் பதில் இல்லை.

பஸீலியா காகிதத்தை மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவள் முகம் இளகியிருந்தது. ஒன்பது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தை ஃபிடேலா பார்த்ததில்லை.

"அவனே வாயால ஒத்துக்கிட்டான், பாப்பா. நான் நின்னு கேட்டேன். இப்ப அவன் ஆத்மா வேகுமேன்னு நீ வந்து தூக்கிச் சுமக்கப் பாக்கறே. எம் பொண்ணுகூட எனக்கு இப்படிச் செய்ய மாட்டா."

"அத்தே, பொய் சொல்லல. நான்தான் குடுத்தேன்."

"சரி, சரி. நீதான். போ, போய்ச் சாப்பிடு, பாதியாயிட்டே," என்றாள் பஸீலியா.

நெமேசியோவிடமும் போனாள். அவன் கதவுக்கு வெளியிலேயே நிறுத்தி, செத்தவனுக்காகப் பொய் சொல்லிக்கொண்டு என் வீட்டுக்கு வராதே, உன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை என்றான். கடைசியில் பாவசங்கீர்த்தனத்தில் குருவிடம் சொன்னாள். அவர் நம்பினார், நம்புவது அவர் வேலை. பத்து அருள்நிறை மரியே செபம் சொல்லச் சொன்னார்.

பஸீலியா இதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. ஒரு மாதத்துக்குள் கடலோரம் முழுக்கத் தெரிந்துவிட்டது. அப்பன் செய்த துரோகத்தைத் தன் தலையில் போட்டுக்கொள்ள வந்த பெண். அதுவரைக்கும் அவளிடம் அளந்து பேசியவர்கள் வாசலில் நிறுத்தி நலம் விசாரித்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து, டீச்சர் மாதிரி இருக்கணும் என்று காட்டினார்கள். படகு வந்தால் ஒரு வீட்டிலிருந்தாவது மீன் வரும். முதல் சில முறை திருப்பி அனுப்பினாள். அதையும் தவமாக எடுத்துக்கொண்டு இன்னும் பெரிய மீனாக அனுப்பினார்கள். பிறகு வாங்கிக் குழம்பு வைத்துச் சாப்பிட ஆரம்பித்தாள். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கும் ஊர் அதே காரணத்தைச் சொல்லி உச்சுக் கொட்டியது.

நவம்பர் முதல் தேதி எல்லோரும் கல்லறைக்குப் போவார்கள். முன்னாலேயே வெள்ளையடித்துப் புல் செதுக்கி, அன்றைக்குப் பகலெல்லாம் கல்லறை மேலேயே பாய் விரித்துச் சாப்பாடும் பேச்சுமாக இருப்பார்கள். போகிற வருகிறவர்கள் தெரிந்தவர்களின் கல்லறையில் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றிவைப்பது வழக்கம். செவெரினோவின் கல்லறைக்கு இரண்டு கல்லறை தள்ளித்தான் பஸீலியா புருஷனுடையது. இந்த வருஷமும் ஃபிடேலா போயிருந்தாள். ஓய்வு பெற்று மூன்று வருஷமாகிறது, தலை நரைத்துவிட்டது. பஸீலியாவின் பேத்தி ஓலையில் பொதிந்த சோறும் மாம்பழமும் எடுத்துக்கொண்டு வந்தாள். பின்னாலேயே நெமேசியோவின் மகனும் மருமகளும் வந்து டீச்சரிடம் நலம் விசாரித்தார்கள், மழை பற்றிப் பேசினார்கள், பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவளை உட்காரவைத்தார்கள். மருமகளின் கையில் ஒரு கட்டு மெழுகுவர்த்தி இருந்தது. அவள் செவெரினோவின் கல்லைச் சுற்றிக்கொண்டு அடுத்த கல்லறைக்குப் போய் ஒன்றை ஏற்றினாள், அதற்கடுத்ததில் ஒன்று.

ஃபிடேலா ஓலையைப் பிரித்தாள். சோறு இன்னும் சூடாக இருந்தது.

"சாப்பிடுங்க டீச்சர்," என்றாள் பேத்தி. "ஆறிடப் போகுது."